லேசான பெடல்

வேனின் மூன்றாவது கியர் நிற்கவில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் தானாகவே கழன்றுகொண்டது. மாமா கியர் கம்பியை இடது கையால் அழுத்திப் பிடித்தபடியே சில வாரம் ஓட்டிப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு இரைச்சல் வர ஆரம்பித்தது. மெக்கானிக் கமாலுதீன் பாய் அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "கியர்பாக்ஸ் பூட்ச்சு நைனா. இத்த நோண்டிக்கினு இருக்கறதுக்கு வேற ஒண்ணு மாட்டிடலாம்," என்றார்.

மாமா என்றால் என் மனைவி கார்குழலியின் அப்பா, சின்னப்பையன். காலடிப்பேட்டையில் வீடு. எண்ணூர் பக்கம் இருக்கும் ஒரு இறால் கம்பெனிக்கு விடியற்காலை ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவது அவர் வேலை. வேனும் அவருடையது, டிரைவரும் அவரே. கல்யாணமான புதிதில் எனக்கும் இதே வேனில் ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுக்க வைத்தார்.

கார்குழலி போன ஆடியில் இறந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நான் அவர்கள் வீட்டு மாடி அறையிலேயே தங்கிவிட்டேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போக வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எம்.காம். படித்திருக்கிறேன். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் உட்கார்ந்து கன்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். சாயங்காலம் திரும்பி வந்து அத்தை போடும் சோற்றைச் சாப்பிடுகிறேன்.

கியர்பாக்ஸை விடப் பெரிய தொல்லை மாமாவின் இடது கால். முட்டி தேய்ந்துவிட்டது. இனிமேல் க்ளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மாமா டாக்டரை மாற்றினார். அந்த டாக்டரும் அதையே சொன்னார். மாமா டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் அத்தை துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்கு வந்தார். கெங்கம்மா என்று பெயர். அதிகம் பேசாதவர்.

"தம்பி, வண்டி இல்லாங்காட்டி அந்த மனுசன் வூட்லயே குந்திக்கினு அவ போட்டோவ பாத்துக்கினு கெடப்பாரு. ஆடி மாசம் பூரா அப்டித்தான் கெடந்தாரு. நீ பாக்கல?"

பார்த்தேன். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் பொண்ணுங்க வந்து கதவத் தட்டி, நைனா வண்டிய எடு, எங்க பொயப்பு கெட்டுதுன்னு கத்துனப்பறம்தான் எய்ந்தாரு. வண்டி நின்னா ஆளும் நின்னுடும். பாய் கையில சொல்லி எப்டினா அந்தப் பெடல லேசாக்கிக் குடு."

சரி என்றேன்.

கமாலுதீன் பாயின் ஷெட் கொருக்குப்பேட்டையில் ரயில் லைனை ஒட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மாமாவோடு போனேன். ஆபீசில் ஏன் என்று கேட்கவில்லை. ஆடிக்குப் பிறகு என்னிடம் யாரும் எதற்கும் ஏன் என்று கேட்பதில்லை.

மாற்று கியர்பாக்ஸ் சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்திருந்தது. இதே மாதிரி வேன் ஒன்று அங்கே உடைக்கப் போயிருந்தது. பாய் அதை மண்ணெண்ணெயில் கழுவி ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தார். எங்கள் பழைய கியர்பாக்ஸ் கழற்றப்பட்டு அதன் பக்கத்தில் கிடந்தது.

பாய் பழையதன் வாய்க்குள் கையை விட்டு ஒரு வளையத்தை வெளியே இழுத்தார். அது சுலபமாக வரவில்லை.

"நைனா, இதான் ரிலீஸ் பேரிங். நீ பெடல மிதிச்சா இந்த ஃபோர்க்கு இத்த முன்னால தள்ளும். இது இந்தக் கொழா மேல வழுக்கிக்கினு போவணும். போச்சுன்னா க்ளட்சு விடும். இங்க பாரு, கொழா பூரா துரு. ஒரு சொட்டு கிரீஸ் கெடயாது. இத்தினி நாளா நீ க்ளட்ச மிதிக்கல, துருவ மிதிச்சிக்கினு இருந்துகிற."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா மாப்ள? என் காலு மேல தப்பு இல்ல!"

"காலு மேலயும் கீது, இது மேலயும் கீது," என்றார் பாய்.

"டாக்டர் கணக்கா பேசாத பாய். வேலையப் பாரு."

பாய் புது பேரிங் வைத்திருந்தார். கறுப்பு கிரீஸ் டப்பாவைத் திறந்து விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தார். குழாயைச் சுற்றித் தடவினார். ஃபோர்க் உட்காரும் குமிழில் ஒரு பொட்டு. ஃபோர்க்கின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு பொட்டு. க்ளட்ச் பிளேட் ஏறும் ஷாஃப்டின் பற்களில் லேசாக. பிறகு துணியை எடுத்து, தடவியதில் பாதியைத் துடைத்துவிட்டார்.

மாமாவால் பொறுக்க முடியவில்லை. "இன்னா பாய், வெச்சதத் தொடைக்கிற? கிரீஸு உங்க அப்பன் வூட்டு சீதனமா?"

"ஜாஸ்தி வெச்சா சுத்தற வேகத்துல தெறிச்சி பிளேட்டுல பூடும். பிளேட்டுல கிரீஸ் பட்டா வண்டி இய்க்காது நைனா. கண்ணுக்கு மை வெக்கிற மாதிரி வெக்கணும்."

"உங்க வூட்ல மை அப்டியா வெக்கிறாங்கோ? அப்பிக்கினு இல்ல வராங்கோ?"

பாய் சிரித்தார். தொழுகைக்கு நேரமாகியிருந்தது. கையை மரத்தூளில் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு தொப்பியை எடுத்தார். "ஜும்மா முடிஞ்சி வந்து மாட்டிடலாம். யாரும் அத்தத் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போனார். அவருடைய ஆளும் கூடவே போனான்.

அத்தை கேரியரில் சோறு கொண்டுவந்தார். சாப்பிட்டோம். மாமா கை கழுவக் குழாயடிக்குப் போனார். எழுந்து நிற்கும்போது அவர் இடது தொடையைக் கையால் தூக்கி வைத்துத்தான் எழுந்தார். அத்தை பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

நான் மட்டும் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருந்தேன். குழாயின் மேல் கிரீஸ் இருப்பதே தெரியவில்லை. பாய் அதிகமாகத் துடைத்துவிட்டார் போலிருந்தது. டப்பாவில் விரலை விட்டு, ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துக் குழாயைச் சுற்றி ஒருமுறை தடவினேன். பெரிதாக யோசிக்கவில்லை. அப்போதெல்லாம் எதையும் பெரிதாக யோசித்துச் செய்யவில்லை. விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அத்தை தனியாக ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாமா வந்து, "ரெண்டு பேரும் இன்னாத்துக்கு வெயில்ல வேவுறீங்கோ? அந்த வேப்ப மரத்தாண்ட போய் குந்துங்கோ. நான் பாத்துக்கிறேன்," என்றார். போய் உட்கார்ந்தோம். கூட்ஸ் ஒன்று முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது.

பாய் திரும்பி வந்தபோது ஒரு மீன் வண்டிக்காரர் பிரேக் பிடிக்கவில்லை என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் பாயும் அவர் ஆளும் கியர்பாக்ஸைத் தூக்கி, ஆட்டி அசைத்து, ஒரே தள்ளாகத் தள்ளி மாட்டினார்கள். பாய் மறுபடி உள்ளே குனிந்து பார்க்கவில்லை. தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தானே போனார்.

சாயங்காலம் மாமா ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார்.

"பாய்! வெண்ண மாதிரி கீது பாய்!"

அன்றைக்கு ராத்திரி அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து பி.சி.ஓ.வுக்குப் போன் வந்தது. மாமாதான்.

"மாப்ள, இஞ்சின் கத்துது. வண்டி போவ மாட்டேங்குது. கருகற நாத்தம் வருது."

எண்ணூர் ரோட்டில் வண்டி நின்றிருந்தது. பெண்கள் இறங்கி, கிடைத்த லாரியிலும் ஷேர் ஆட்டோவிலும் ஏறிப் போயிருந்தார்கள். பாதிப் பேர் போய்ச் சேருவதற்குள் கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கம்பெனி சூப்பர்வைசர் ஆள் அனுப்பியிருந்தார்: திங்கள்கிழமை வண்டி ஒழுங்காக வராவிட்டால் வேறு வேன் வைத்துக்கொள்வார்கள்.

மாமா கதவைத் திறந்துபோட்டு டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வரும் வரைக்கும் அந்த சீட்டைவிட்டு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய் மறுபடி கியர்பாக்ஸை இறக்கினார். அத்தையும் எங்களோடு வந்து அதே பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா பாய்?" என்றார் மாமா.

"ஒரு நிமிசம் இரு." பாய் உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரலை எங்களிடம் காட்டினார். கறுப்பாகக் கட்டியாக இருந்தது. "இது என் டப்பா கிரீஸு. நான் வெச்சது இவ்ளோ இல்ல." துடைத்துவிட்டு, வேறு பக்கம் விரலை விட்டார். இந்தத் தடவை மஞ்சளாக வந்தது. "இது என் ஷெட்லயே கெடயாது. இது சேஸிக்கு அடிக்கிற கிரீஸு." மாமாவின் வண்டி டூல்ஸ் பெட்டியில் ஒரு மஞ்சள் கிரீஸ் டப்பா உண்டு. மாமா ரயில் லைனைப் பார்த்தார்.

பாய் க்ளட்ச் பிளேட்டை வெளியே எடுத்தார். கறுத்து, பளபளவென்று எண்ணெய் படிந்திருந்தது. மூக்குக்கிட்டே கொண்டுபோனவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யா அல்லா. இது இன்னா வாசன?"

என் கையில் கொடுத்தார். முகர்ந்தேன். கற்பூரம், பூண்டு, வேறு ஏதோ வேர். அந்த வாசனை எனக்குத் தெரியும். தினமும் ராத்திரி மாடிப்படி ஏறும்போது கீழே கூடத்திலிருந்து வரும் வாசனை. அத்தை மாமாவின் முட்டியில் தேய்க்கிற தைலம்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை டயரிலிருந்து எழுந்தார்.

"ஆமா, அவரு முட்டிக்குத் தேய்க்க சோத்தோட கொண்டாந்தத ஊத்துனேன். இன்னா இப்போ? அவரு கால்ல தடவுனா ராவு பூரா நோவு இல்லாம தூங்குறாரு. அங்கயும் சிக்கிக்கினு வலியாக் கீதுன்னு நீ சொன்னதா இவருதான பாய் சொன்னாரு?"

"அக்கா," என்றார் பாய். "வண்டிக்கு மூட்டு வலியாக்கா?"

அவர் ஆள் முதலில் சிரித்தான். பிறகு பாய் சிரித்தார். சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "நைனா மஞ்சளு, அக்கா தைலம்! அந்தக் கறுப்பு யாருது? மாப்ள, நீயா? எம்.காம். படிச்சிட்டு நீயுமா? யோவ், நான் ஜும்மாவுக்குப் போனனா, ஹஜ்ஜுக்குப் போனனா? அதுக்குள்ள குடும்பமே சேந்து இத்தக் குளிப்பாட்டி வெச்சிகிறீங்கோ!"

மாமா அத்தையைத் திட்ட வாயெடுத்தார். "அறிவு கீதாடி உனுக்கு..." என்று ஆரம்பித்தவர் தன் மஞ்சள் கிரீஸ் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அத்தை, "சிரிங்கோ, நல்லா சிரிங்கோ," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. வாய்வரை வந்து நின்றுவிட்டது.

பாய் பிளேட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவரச் சொன்னார். உள்ளே எல்லாவற்றையும் பெட்ரோல் விட்டுக் கழுவினார். வாசனை போக இரண்டு தடவை கழுவ வேண்டியிருந்தது. பேரிங்கை மட்டும் பெட்ரோலில் போடாமல் துணியால் துடைத்தார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். குழாய், குமிழ், ஃபோர்க்கின் நுனி, ஷாஃப்டின் பல். தடவி, பாதியைத் துடைத்து, எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு பேரும் அந்த மரத்தாண்ட போங்கோ."

போனோம்.

இந்த முறை பெடல் போன தடவையைப் போலவேதான் இருந்தது. மாமா பல தடவை மிதித்துப் பார்த்தார். "எப்டி கீது?" என்று பாய் இரண்டு தடவை கேட்ட பிறகு, "ஷோக்கா கீது," என்றார். பாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நைனா. நான் செய்யறது இவ்ளோதான். இதுக்கு மேல லேசு ஆவாது."

"நான் கேட்டனா உன்ன?"

திங்கள்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து நானும் வேனில் ஏறிக்கொண்டேன். எப்படியும் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தெரு முனையிலும் நின்று பெண்களை ஏற்றினோம். குணசுந்தரி என்று ஒரு பெண். கூட்டத்தில் அவள் குரல்தான் பெரிது. ஏறும்போதே ஆரம்பித்தாள்.

"நைனா, இன்னிக்கி வண்டில போறோமா, இல்ல சனிக்கியம மாதிரி வண்டியத் தள்ளிக்கினு போறோமா?"

"குந்துடி. வாயாலயே வண்டி ஓட்டுவா."

வண்டி நன்றாக இழுத்தது. மூன்றாவது கியர் போட்ட இடத்தில் நின்றது. எண்ணூர் ரோடு திரும்பும் வரை சரியாகப் போனோம். அங்கே கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. துறைமுக வாசலில் ஏதோ அடைப்பு. வண்டிகள் ஒரு வண்டி நீளம் நகரும், நிற்கும். மறுபடி நகரும், நிற்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் மாமா க்ளட்சை மிதிக்க வேண்டியிருந்தது.

முதலில் அவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்தேன். பிறகு இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்துக் காலைத் தூக்கிப் பெடல் மேல் வைத்தார். அதே கையால் முட்டியை அழுத்தினார். அழுத்திய கையை எடுத்தால்தான் கியர் போட முடியும். எடுத்தால் கால் எழும்பிவிடுகிறது. வண்டி ஒருமுறை துள்ளி நின்றது. பின்னாலிருந்து ஹாரன்.

மாமா சாலையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு."

நான் கையை நீட்டி முதல் கியரைப் போட்டேன். அவர் முட்டியைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். வண்டி நகர்ந்தது.

"நூட்ரல்."

போட்டேன்.

"ஒண்ணு."

இப்படிக் கொஞ்ச தூரம் ஓட்டினோம். அவர் மிதித்தார், நான் மாற்றினேன். பின்னால் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். நான் திரும்பவில்லை. அவர் நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. அதைத் துடைக்க அவரிடம் கை இல்லை.

ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை.

"இன்னா நைனா, மறுபடியுமா?" என்று குணசுந்தரி கேட்டாள். குரல் முன்பு போல இல்லை.

மாமா முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒண்ணுமில்லம்மா. பாய் உள்ள புது கிரீஸ் வெச்சிகிறான். அது செட்டு ஆவற வரிக்கும் பூ மாதிரி மிதிக்கணுமாம். என் காலு முரட்டுக் காலு. அதான் மாப்ள கையில குடுக்கலாம்னு."

அவர்களுக்குப் புரியாமல் இருக்க வழியில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் கியர் போட்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஆமா நைனா," என்றாள் குணசுந்தரி. "எங்க வூட்டு கிரைண்டர் கூட வாங்கன புதுசுல அப்டித்தான். என் வூட்டுக்காரரத் தொடவே வுடல நானு."

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றார் மாமா.

அவர் இறங்கி, கதவைப் பிடித்து, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். வழியில் எங்கும் நிற்கவில்லை. ஆனால் மெதுவாக வந்தார். நான் இடம் மாறி ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தேன். சீட் அவர் சூட்டோடு இருந்தது. பெடலை மிதித்தேன். ரொம்ப லேசாக இருந்தது. சிறு பிள்ளை கூட மிதித்துவிடலாம் போல இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வரிசை நகர ஆரம்பித்தது. மாமா பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி ஒரு டிரெய்லர் டிரைவரைத் திட்டினார். "யோவ், ரோடு உன் வூட்டு அங்கணமா? ஒதுக்கு!" அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான். மாமா அதைவிடக் கேவலமாக ஒன்று சொன்னார். பின்னால் பெண்கள் சிரித்தார்கள். டிரெய்லர் கொஞ்சம் ஒதுங்கியது. "எடு மாப்ள, எடு எடு, பூந்துடு." புகுந்தேன். கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

பெண்கள் இறங்கிப் போன பிறகு திரும்பி வரும்போது ரோடு காலியாக இருந்தது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மாமா காலை நீட்டி வைத்துக்கொண்டு முட்டியைத் தேய்த்தார்.

"தெனம் இப்டி வந்தா ஆபீஸ்ல இன்னா சொல்வாங்கோ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

திருவொற்றியூர் வந்தது.

"நான் பக்கத்துல குந்திக்கினு வருவேன். உனக்கு அந்த எறா கம்பெனி சந்து பூந்து போற வழி தெரியாது."

"சரி மாமா."

"கிரீஸு செட்டு ஆவ எத்தினி நாள் ஆவும்?"

"தெரியல. பாயைக் கேக்கட்டுமா?"

"கேக்காத," என்றார்.

நான் மூன்றாவது கியரைப் போட்டேன்.